யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதையும் மறைக்கும் பி2பி மென்பொருள்: முதல் முறை எழுதுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பியர்-டு-பியர் (பி2பி), அதாவது நடுவில் சர்வர் இல்லாமல் கணினிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் மென்பொருள் எழுத வருபவர்கள் பெரும்பாலும் குறியாக்கத்தில் தொடங்குகிறார்கள். நல்ல லைப்ரரி ஒன்றை எடுத்து, இரண்டு கணினிகளுக்கு நடுவே போகும் செய்தியைப் பூட்டிவிட்டால் தனியுரிமை வந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் நடுவில் சர்வர் இல்லாத வலையில் ஒவ்வொரு கணுவும் (வலையில் சேர்ந்த கணினி) தன் ஐபி முகவரியை மற்ற கணுக்களுக்குத் தானே கொடுக்கிறது. முன்பு ஒரு சர்வர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததை இப்போது முன்பின் தெரியாத ஆயிரம் பேர் பார்க்கலாம். சர்வரை யோசிக்காமல் நீக்கினால் இருந்த தனியுரிமையும் குறையும்.

கோப்புகளைப் பகிரும் பிட்டோரண்டை, பல ரிலே கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பி ஐபியை மறைக்கும் டார் வலை வழியாக ஓட்டியவர்களுக்கு நேர்ந்தது இதற்கு நல்ல பாடம். அது ஏன் சரிவராது என்று டார் திட்டத்தார் 2010இல் விளக்கினார்கள். இணைப்பு டார் வழியே போனாலும், சில மென்பொருள்கள் டிராக்கருக்கு (யாரிடம் கோப்பு இருக்கிறது என்று சொல்லும் சர்வர்) அனுப்பும் தகவலின் உள்ளேயே சொந்த ஐபியை எழுதி அனுப்பின. டார் டிசிபியை மட்டுமே சுமக்கும் என்பதால் யுடிபியில் ஓடும் டிஎச்டி (சர்வர் இல்லாமல் பியர்களைத் தேட உதவும் பகிர்ந்த பட்டியல்) டாருக்கு வெளியே போனது. தற்செயலாகத் தேர்ந்த போர்ட் எண்ணே ஓர் அடையாளமாகி, டாருக்கு உள்ளே இருந்தவரையும் வெளியே இருந்தவரையும் ஒரே ஆள் என்று காட்டிக்கொடுத்தது. மூன்றிலும் குறியாக்கம் உடையவே இல்லை.

இங்கே கட்டப்போவது சிறியது: ஒருவரையொருவர் ஏற்கெனவே அறிந்தவர்கள் குறுஞ்செய்தி பரிமாறும் மென்பொருள். மேம்பாட்டுக்கு லினக்ஸ் கணினி, ரஸ்ட் அல்லது கோ மொழி போதும். சி மொழியில் தொடங்க வேண்டாம். யாரென்றே தெரியாதவர் அனுப்பும் பைட்டுகளைப் பிரித்துப் படிப்பதுதான் இந்த மென்பொருளின் முக்கால்வாசி வேலை. அதில் நினைவகப் பிழைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

படி 1: யாருக்கு எது தெரியும் என்று எழுதுங்கள்

குறிமுறை எழுதுமுன் ஒரு தாளில் ஐந்து பேரை வரிசையாக எழுதுங்கள்: இணைய சேவை தருபவர், நீங்கள் பேசும் பியர், உங்களுக்குத் தொடர்பில்லாத மற்ற கணுக்கள், முதல் இணைப்புக்கு உதவும் பூட்ஸ்ட்ராப் கணு, உங்கள் கணினியைக் கைப்பற்றியவர். ஒவ்வொருவருக்கும் எதிரே ஐபி, நேரம், செய்தியின் நீளம், நண்பர் பட்டியல், உள்ளடக்கம் ஆகிய ஐந்தில் எது தெரியும் என்று நிரப்புங்கள். ‘தெரியாது’ என்று எழுதும்போது ஏன் தெரியாது என்பதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். காரணம் எழுத வராத கட்டம் ஓட்டை.

உலகத்து இணைப்புகள் முழுவதையும் ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய எதிரியிடமிருந்து காப்பதாகச் சொல்ல வேண்டாம். டாரே அப்படிச் சொல்வதில்லை. இரு முனைகளையும் பார்ப்பவர் நேரத்தை ஒப்பிட்டுப் பொருத்திவிடுவார். அதையும் எதிர்க்க வேண்டுமென்றால் செய்திகளைத் தாமதப்படுத்திக் கலக்கும் மிக்ஸ் வலைகள் வேண்டும். குறியாக்க ஆய்வாளர் டேவிட் சாம் 1981இல் முன்வைத்த யோசனை அது. தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. முதல் பதிப்புக்கு வேண்டாம்.

படி 2: சாவிகள்

அடையாளத்துக்கு எட்25519 என்ற கையெழுத்து முறை, சாவிப் பரிமாற்றத்துக்கு எக்ஸ்25519 என்ற முறை. இரண்டிலும் பொதுச் சாவி 32 பைட். இரண்டையும் தனித்தனியாக உருவாக்குங்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கணித வழியில் பெற முடியும் என்றாலும் ஒரே சாவிக்கு இரண்டு வேலை கொடுப்பது பின்னால் சிக்கலாகும். தற்செயல் எண்களை இயக்க முறைமையிடமே கேளுங்கள், சொந்தமாக எதையும் கலக்க வேண்டாம்.

வட்டில் எழுதும்போது கடவுச்சொல்லை ஆர்கான்2ஐடி (கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பதை மெதுவாக்கும் முறை) வழியாகச் சாவியாக்கி, அதனால் பூட்டி வையுங்கள். அதை விவரிக்கும் ஆவணமான ஆர்எஃப்சி 9106 நினைவகம் குறைந்த கருவிகளுக்குப் பரிந்துரைக்கும் அளவு 64 மெபிபைட் நினைவகம், 3 சுற்று, 4 இழை. கோப்பின் அனுமதி 0600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத). கோப்பை உருவாக்கும்போதே அந்த அனுமதியோடு உருவாக்குங்கள். முதலில் எழுதிவிட்டுப் பிறகு அனுமதியை மாற்றினால், நடுவில் இருக்கும் நொடியில் மற்ற நிரல்கள் படித்துவிடலாம்.

படி 3: ஹேண்ட்ஷேக்

ஹேண்ட்ஷேக் என்பது பேச்சுக்கு முன் இரு பக்கமும் ஒருவரையொருவர் உறுதிசெய்து சாவியை ஒத்துக்கொள்ளும் முதல் பரிமாற்றம். அதைச் சொந்தமாக வடிவமைக்க வேண்டாம். டிரெவர் பெரின் உருவாக்கிய நாய்ஸ் கட்டமைப்பை எடுங்கள். விபிஎன் மென்பொருளான வயர்கார்டும் பி2பி லைப்ரரியான லிப்பி2பியும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. ரஸ்ட்டில் ‘ஸ்னோ’ என்ற லைப்ரரி இருக்கிறது. நாய்ஸில் பல வடிவங்கள் உண்டு. உங்களுக்கு வேண்டியது எக்ஸ்எக்ஸ், ஐகே இரண்டில் ஒன்று.

எக்ஸ்எக்ஸில் இருவரும் தங்கள் நிலைச் சாவியை (படி 2இல் உருவாக்கிய, மாறாத எக்ஸ்25519 பொதுச் சாவி) ஹேண்ட்ஷேக்கின் போதே அனுப்புகிறார்கள். பேச்சைத் தொடங்குபவரின் அடையாளம் நன்றாக மறைந்திருக்கும். பதில் சொல்பவரோ, யார் வந்து கதவைத் தட்டினாலும் தன் சாவியைக் காட்டிவிடுவார். ஐகேயில் தொடங்குபவருக்கு மற்றவரின் சாவி முன்பே தெரிந்திருக்க வேண்டும். அங்கே குறை எதிர்ப்பக்கம்: பதில் சொல்பவரின் தனிச் சாவி என்றாவது திருடுபோனால், அதற்கு முன் பதிவுசெய்து வைத்த ஹேண்ட்ஷேக்குகளைத் திறந்து யார் யார் வந்தார்கள் என்று பார்த்துவிடலாம். நண்பர் பட்டியல்தான் நாம் காக்க வேண்டிய பொருள் என்பதால் எக்ஸ்எக்ஸை எடுத்துக்கொண்டு, தெரியாதவர் தட்ட முடியாதபடி கதவையே படி 5இல் மறைப்போம்.

நாய்ஸ் ‘புரோலாக்’ என்ற பகுதியில் உங்கள் வலையின் பெயரையும் நெறிமுறைப் பதிப்பு எண்ணையும் கொடுங்கள். இரு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் ஹேண்ட்ஷேக் முறியும். நடுவில் இருப்பவர் உங்களைப் பழைய பதிப்புக்கு இறக்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெற்று உள்ளடக்கத்தோடு எக்ஸ்எக்ஸின் மூன்று செய்திகளும் 32, 96, 64 பைட் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாவிட்டாலும், 32-96-64 என்ற இந்த நடையைப் பார்த்தே ஒரு வடிகட்டி உங்கள் மென்பொருளை அடையாளம் கண்டு தடுத்துவிடும். நேரடி இணைப்பில் இது பெரிய பலவீனம். டாருக்குள்ளே போகும்போது இணைய சேவை தருபவருக்கு இது தெரியாது.

படி 4: சட்டகமும் நீளமும்

‘வருகிறாயா?’ என்று கேட்டதற்கு ஒருவர் ‘சரி’ என்கிறார், இன்னொருவர் ‘வேண்டாம்’ என்கிறார். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ‘சரி’யில் மூன்று குறியீடுகள்: ச, ர, இகர உயிர்க்குறி. ஆகவே 9 பைட். ‘வேண்டாம்’ எட்டுக் குறியீடு, 24 பைட். பூட்டும் முறையான சாச்சா20-பாலி1305 நீளத்தை மாற்றுவதில்லை. முடிவில், செய்தி மாற்றப்படவில்லை என்று காட்டும் 16 பைட் முத்திரையை மட்டும் சேர்க்கிறது. கம்பியில் போவது 25 அல்லது 40 பைட். பூட்டை உடைக்காமலே பதில் தெரிந்துவிட்டது.

இதற்கு வழி, எல்லாச் செய்தியையும் ஒரே அளவுச் சட்டகத்தில் (ஒரு முறை அனுப்பும் பைட் தொகுதி) போடுவது. 1,024 பைட் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைக்கு 16 போக 1,008. அதில் 1 பைட் வகை, 2 பைட் உண்மை நீளம். மிச்சம் 1,005 பைட், அதாவது 335 தமிழ்க் குறியீடு. பேச்சு வழக்குச் செய்திக்கு இது தாராளம். காலி இடத்தைச் சுழியத்தால் நிரப்பிவிட்டுப் பிறகு பூட்ட வேண்டும். பூட்டிய பின் நிரப்பினால் சுழியங்கள் அப்படியே தெரியும். இந்தத் தவறு எத்தனையோ முதல் பதிப்புகளில் இருக்கிறது.

எல்லாச் சட்டகமும் ஒரே அளவு என்பதால் வெளியே நீளத்தை அனுப்பவே தேவையில்லை. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. நான்கு பைட்டில் நீளத்தை வாங்கி, அந்த அளவுக்கு நினைவகம் ஒதுக்கும் நிரலுக்கு, நான்கு 255களை அனுப்பினால் போதும், 4 ஜிகாபைட் கேட்டுக் கவிழ்ந்துவிடும். உள்ளே இருக்கும் 2 பைட் நீளம் 1,005க்கு மேல் இருந்தால் பேச்சே இல்லாமல் இணைப்பை வெட்டுங்கள். பிழைச் செய்தி கூட அனுப்ப வேண்டாம்.

பெரிய கோப்புகளைத் துண்டாக்கி அனுப்பும்போது துண்டுகளின் எண்ணிக்கை நீளத்தைச் சொல்லிவிடும். அதற்கு ‘பேட்மே’ என்ற நிரப்பு முறை உண்டு. கூடுதல் சுமை 12 விழுக்காட்டைத் தாண்டாது. பூட்டுமுன் சுருக்குவதை முழுவதும் விட்டுவிடுங்கள். 2012இல் வெளியான கிரைம் தாக்குதல், சுருக்கிய பின் மாறும் நீளத்தை வைத்தே ரகசியத்தைப் படித்தது.

ஒவ்வொரு செய்தியைப் பூட்டும்போதும் சாவியோடு சேர்த்துத் தரும் எண் நான்ஸ். ஒரு சாவியில் ஒரு நான்ஸ் எண்ணை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நடைமுறையில் தவறு நேர்வது இரண்டு இடங்களில். ஒன்று, நிரலின் இரண்டு இழைகள் ஒன்றுக்கொன்று காத்திராமல் ஒரே எண்ணியிலிருந்து எண் எடுப்பது. மற்றது, அமர்வு நிலையை வட்டில் சேமித்து, நிரல் கவிழ்ந்த பின் பழைய எண்ணிலிருந்து தொடர்வது. இரண்டு செய்திகளுக்கு ஒரே நான்ஸ் போனால் அவற்றின் எக்ஸ்ஓஆர் (இரண்டையும் பிட் பிட்டாக ஒப்பிட்ட முடிவு) வெளியாகும், போலி முத்திரையும் செய்ய முடியும். ஆகவே அமர்வை ஒருபோதும் சேமிக்க வேண்டாம். இணைப்பு அறுந்தால் புதிய ஹேண்ட்ஷேக். அனுப்புவது ஒரே ஓர் இழை. மற்றவை அதன் வரிசையில் செய்தியைப் போட்டுவிட்டுப் போகட்டும்.

படி 5: இணைப்பு

நேரடி இணைப்பா, டாரா என்பதே இந்த வேலையின் மிகப் பெரிய முடிவு. நேரடி என்றால் நாட் (வீட்டு ரவுட்டரின் முகவரி மாற்றம்; வெளியிலிருந்து வரும் இணைப்பு இதில் நின்றுவிடும்) தாண்டுவதற்கு ஸ்டன் (தன் வெளி முகவரியைக் கண்டறியும் முறை), துளையிடல், நடு ரிலே என்று வேலையும் பெருகும், பேசும் ஒவ்வொருவருக்கும் உங்கள் ஐபியும் தெரியும். குறுஞ்செய்திக்கு டாரின் ஆனியன் சேவை (ஐபியைக் காட்டாமல் டாருக்குள்ளேயே ஒரு முகவரியில் இணைப்பு வாங்கும் வசதி) எல்லா வகையிலும் மேல். நாட் சிக்கலே கிடையாது, இரு பக்க ஐபியும் மறைகின்றன. இடையில் ஆறு ரிலே இருப்பதால் முதல் இணைப்புக்குப் பல நொடிகள் ஆகும். உங்கள் காத்திருப்பு வரம்பை 90 நொடிக்குக் குறைக்க வேண்டாம். 10 நொடியில் கைவிட்டு மறுபடி மறுபடி முயலும் நிரல் கடைசிவரை இணையாமலே போகும்.

மூன்றாம் பதிப்பு ஆனியன் முகவரி 56 எழுத்து. எட்25519 பொதுச் சாவி அதற்குள்ளேயே இருக்கிறது. ஓடும் டாரின் கட்டுப்பாட்டு போர்ட் வழியாகவே சேவையை உருவாக்கலாம், வழக்கமாக அது 9051. வெளியே போகும் இணைப்புகள் சாக்ஸ்5 (நிரலின் இணைப்பை வாங்கி டாருக்குள் அனுப்பும் நெறிமுறை) போர்ட் 9050 வழியாக. சாக்ஸ் பயனர்பெயரை ஒவ்வொரு நண்பருக்கும் வேறாகக் கொடுங்கள். டார் அதைப் பார்த்துத் தனித்தனிச் சுற்று அமைக்கும், இரண்டு நண்பர்களின் போக்குவரத்து ஒரே பாதையில் கலக்காது.

இங்கே செய்யும் தவறு எல்லாவற்றையும் கெடுக்கும். உங்கள் நிரல் 127.0.0.1இல் (இந்தக் கணினிக்கு உள்ளே) மட்டுமே காதுகொடுக்க வேண்டும். பழக்க தோஷத்தில் 0.0.0.0 என்று எழுதிவிட்டால் அதே சேவை திறந்த இணையத்திலும் பதில் சொல்லும். எக்ஸ்எக்ஸ் தட்டினவருக்கெல்லாம் சாவியைக் காட்டும் என்று பார்த்தோம். யாராவது ஐபி முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டு போனால், ஆனியனில் இருக்கும் அதே சாவி இந்த ஐபியிலும் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரே கணினிக்குள் மட்டும் இயங்கும் யூனிக்ஸ் சாக்கெட் பயன்படுத்தினால் இந்த ஆபத்தே எழாது.

ஆனியன் சேவையில் கிளையன்ட் அங்கீகாரம் என்ற வசதியையும் போடுங்கள். உங்களிடமிருந்து சாவி பெற்றவரால் மட்டுமே சேவையின் விவரத்தைத் திறக்க முடியும். முகவரி மட்டும் கசிந்தால் கதவைத் தட்ட முடியாது. ஆனால் முகவரி தெரிந்தவரால் சேவையின் விவரம் வெளியாகியிருக்கிறதா என்று பார்க்க முடியும்.

படி 6: ஒருவரையொருவர் கண்டுபிடிப்பது

டிஎச்டி என்றதும் பலருக்கு ஆசை வரும். 2002இல் வந்த கெடெம்லியா என்ற டிஎச்டி அழகான வடிவமைப்பு; ஒவ்வொரு வாளியிலும் (தூரவாரியாகப் பிரித்த கணுப் பட்டியல்) 20 கணு, ஒரே நேரத்தில் 3 பேரிடம் தேடல். ஆனால் தேடும்போது, கேட்கப்படும் ஒவ்வொரு கணுவுக்கும் நீங்கள் யார், யாரைத் தேடுகிறீர்கள் இரண்டும் முழுதாகத் தெரியும். போதாததற்கு, கணுவின் அடையாள எண்ணைத் தாக்குபவரே தேர்ந்துகொள்ளலாம். பத்து லட்சம் கணு உள்ள வலையில் உங்கள் நண்பரின் எண்ணுக்கு அருகே குடியேற முதல் 20 பிட் அளவுக்குப் பொருந்தினால் போதும். அதற்குச் சுமார் 10 லட்சம் சாவிகளை உருவாக்கிப் பார்க்க வேண்டும், ஒரு மடிக்கணினிக்கு அது அற்பம். ஒரே ஆள் பல முகங்களோடு வரும் இந்த சிபில் தாக்குதலை ஆய்வாளர் டௌசர் 2002லேயே விளக்கிவிட்டார். மையம் இல்லாமல் இதை முழுவதும் ஒழிக்க வழி கிடையாது.

ஏற்கெனவே அறிந்தவர்களுக்கான மென்பொருளில் டிஎச்டி தேவையே இல்லை. ஆனியன் முகவரி, அங்கீகாரச் சாவி, ஒருமுறை மட்டும் செல்லும் 16 பைட் தற்செயல் எண், இவற்றைச் சேர்த்து ஒரு அழைப்பாக்கி க்யூஆர் குறியாகக் காட்டுங்கள். நேரில் ஸ்கேன் செய்வதே சிறந்தது. அழைப்பை முதலில் பயன்படுத்தியவரோடு அந்தத் தற்செயல் எண் காலாவதியாக வேண்டும்.

லிப்பி2பி போன்ற பொது லைப்ரரி எடுத்திருந்தால் முன்னிருப்பாக ஓடுபவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதன் ‘ஐடென்டிஃபை’ நெறிமுறை நீங்கள் காதுகொடுக்கும் முகவரிகளையும் மென்பொருள் பெயர், பதிப்பையும் எதிரில் இருப்பவருக்குச் சொல்லும். வீட்டு வலையின் உள் முகவரியும் அதில் அடங்கும். எம்டிஎன்எஸ் (அதே வலையில் இருக்கும் கருவிகளைக் கண்டறியும் முறை) ஓடினால், அதே வைஃபையில் இருக்கும் எல்லோருக்கும் உங்கள் பியர் அடையாளம் ஒலிபரப்பாகும். இரண்டையும் அணையுங்கள்.

படி 7: நேரம்

செய்தியில் மில்லிநொடி வரை நேரம் எழுத வேண்டாம். உங்கள் கடிகாரம் எத்தனை மில்லிநொடி பிசகியிருக்கிறது என்பதே ஒரு கைரேகை. வரிசைக்கு எண்ணி போதும். காட்டுவதற்கான நேரத்தை நிமிடத்துக்கு வட்டமாக்குங்கள். ‘தட்டச்சு செய்கிறார்’, ‘படித்துவிட்டார்’ அறிவிப்புகள் முன்னிருப்பாக அணைந்திருக்க வேண்டும்.

போலிப் போக்குவரத்து வைப்பதாக இருந்தால் கணக்கு பாருங்கள். 5 நொடிக்கு ஒரு சட்டகம் என்றால் நாளைக்கு 17,280 சட்டகம், ஒரு நண்பருக்கு ஒரு திசையில் 17.7 மெகாபைட். பத்து நண்பர் என்றால் 177. கணினிக்குத் தாங்கும், கைபேசியின் பேட்டரிக்குத் தாங்காது. வைத்தால் சரியாக வையுங்கள்: மணி அடிக்கும்போது வரிசையில் உண்மைச் செய்தி இருந்தால் அது போகும், இல்லாவிட்டால் போலி போகும். உண்மைச் செய்தியை உடனே அனுப்பிவிட்டு இடைவெளியில் போலியைத் தூவுவது வீண். தாளம் தப்பிப் போகும் சட்டகம் எல்லாம் உண்மை என்று சொல்லிவிடும்.

படி 8: கணினியில் தங்குவது

லாக்கில் முகவரி, சாவி எதுவும் போகக் கூடாது. பிழை தேட அடையாளம் வேண்டுமென்றால், ஒவ்வொரு அமர்வுக்கும் தற்செயலாக நான்கு எழுத்துச் சீட்டு ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் அழித்த வரிகள் கோப்பின் காலிப் பக்கங்களில் கிடக்கும். எஸ்எஸ்டியில் மேலெழுதினாலும் பழையது போய்விட்டதென்ற உறுதி கிடையாது. ஆகவே ஒவ்வொரு உரையாடலையும் தனிச் சாவியால் பூட்டி வைத்து, அழிக்கும்போது அந்தச் சாவியை அழியுங்கள். நிரல் கவிழ்ந்ததைப் பற்றிய அறிக்கையைத் தானாக எங்கும் அனுப்பும் கருவி எதையும் சேர்க்க வேண்டாம்.

படி 9: கசிவுச் சோதனை

நிரலுக்குத் தனிப் பயனர் கணக்கு கொடுத்து ஓட்டுங்கள். என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வாலில் டாரின் பயனர் மட்டும் வெளியே போகலாம், மற்றதெல்லாம் பதிவாகித் தடைபடட்டும் என்று விதி போடுங்கள். வலைப் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப்பை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். வெளி இடைமுகத்தில் டாரைத் தவிர ஒரு பாக்கெட்டும் தெரியக் கூடாது. முக்கியமாகப் போர்ட் 53இல் (டிஎன்எஸ்) எதுவும் போகக் கூடாது. ஆனியன் பெயரை நிரல் தானே டிஎன்எஸ்ஸில் தேடிவிட்டு அப்புறம் சாக்ஸிடம் போவதுதான் அடிக்கடி காணும் கசிவு. பெயரை அப்படியே சாக்ஸ்5இடம் கொடுத்து, அதையே தேடச் சொல்ல வேண்டும். கணினிக்குள்ளேயே சுற்றும் லூப்பேக் இடைமுகத்தில் 9050ஐப் பார்த்தால், ஹேண்ட்ஷேக் முடிந்த பின் உங்கள் நிரல் எழுதுவது எல்லாம் 1,024இன் மடங்காக இருக்க வேண்டும்.

கணினியை ஒரு நாள் முழுக்க ஓட விடுங்கள். உறக்கத்துக்கு அனுப்பி எழுப்புங்கள், வைஃபையை மாற்றுங்கள், டாரை நடுவில் நிறுத்திப் பாருங்கள். டார் இல்லாதபோது நிரல் நேரடியாக முயன்றால் அது வெளியிடத் தகுதியில்லை. மெதுவான வலைக்கு நெட்எம் கருவியில் 300 மில்லிநொடித் தாமதமும் 2 விழுக்காடு இழப்பும் வைத்துச் சோதியுங்கள். சட்டகத்தையும் அழைப்பையும் பிரிக்கும் இரண்டு செயற்கூறுகளையும் ஃபஸ்ஸரில் (தாறுமாறான உள்ளீடு கொடுத்துச் சோதிக்கும் கருவி) போட்டு ஓர் இரவு ஓட விடுங்கள்; வெளியாள் தொடும் இடங்கள் அவைதான்.

படி 10: வெளியிடும் நாள்

மூலக் குறிமுறையை யார் தொகுத்தாலும் பைட்டுக்குப் பைட் அதே கோப்பு வர வேண்டும். வராவிட்டால் முதலில் தேட வேண்டியவை உள்ளே பதிந்த தொகுப்பு நேரமும் கோப்புறைப் பாதையும். பாதையில் உங்கள் பயனர்பெயரும் சேர்ந்தே வெளியே போகும். கையெழுத்திடும் சாவியை இணையத்தில் இல்லாத கணினியில் வையுங்கள். புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் டார் வழியாக, எந்த அடையாள எண்ணும் இல்லாமல், தற்செயலான நேரத்தில் நடக்கட்டும்.

படி 1இல் நிரப்பிய தாளை மென்பொருளோடு சேர்த்து வெளியிடுங்கள், ‘தெரியும்’ என்று நிரப்பிய கட்டங்கள் உட்பட. பாதுகாப்புக் குறை கண்டவர் எழுத ஒரு முகவரியும், அவர் பூட்டி அனுப்ப ஒரு பொதுச் சாவியும் அதே பக்கத்தின் மேலே இருக்கட்டும்.